அளவுகோலை அளப்போம்!

கவிதையைத் திறனாய்வு செய்வர். காப்பியத்தைத் திறனாய்வு செய்வர். நாடகத்தையும் நாவலையும் வரி வரியாகப் பிரித்து நலமும் நலிவும் காட்டுவர். ஆனால், அரசாங்கத்தார் அச்சிட்டு அனுப்பும் ஒரு படிவத்தை எவரேனும் திறனாய்வு செய்வதுண்டோ? இல்லை. படிவத்தை நிரப்புவர், கையொப்பமிடுவர், மேலிடத்துக்கு அனுப்புவர், மறந்துவிடுவர். காப்பியம் படிப்போர் நூற்றுக் கணக்கினர். படிவம் நிரப்புவோரோ இலட்சக் கணக்கினர். காப்பியம் நெஞ்சைத் தொடும். படிவமோ வாழ்வையே வளைக்கும். அவ்வளவு வலிமை படைத்த ஏட்டை நாம் ஆராயாமல் விடுவது அறிவுடைமையாகுமா?

ஆகவே, தோழர்களே, இந்தக் கிழமை நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓர் இலக்கிய நூலன்று. பல்கலைக் கழக ஆசிரியரின் தகுதியை எடைபோடுவதற்காக டில்லியிலுள்ள பல்கலைக் கழக மானியக் குழு வகுத்தளித்த விதி ஏடு. 2010 ஆம் ஆண்டில் ஒரு வடிவமும், 2018 ஆம் ஆண்டில் மற்றொரு வடிவமும் பெற்ற ஏடு. 2025 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இன்னொரு வடிவத்துக்கு வரைவு வெளியிடப்பட்ட ஏடு.

‘பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பல்கலைக் கழக வழக்கில் என்ன வேலை?’ என்று கேட்பார் உளர். வேலை உண்டு. வத்தலக்குண்டுப் பக்கத்துச் சேவுகம்பட்டியிலே, வாழைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் கூலிக்குப் போகும் தாயின் மகளுக்கு, எழுத்தறிவித்து, பன்னிரண்டாம் வகுப்புவரை கைப்பிடித்து நடத்தி, ‘இனி நீ கல்லூரிக்குப் போ’ என்று வழியனுப்புவோர் நாம். அவள் நிலக்கோட்டைக்குப் போகலாம், திண்டுக்கல்லுக்குப் போகலாம், காந்திகிராமத்துக்குப் போகலாம், மதுரைக்கும் போகலாம். அங்கே அவள் முன் நிற்கப் போகும் ஆசிரியர் எத்தகையவர், அவர் எதற்காகப் பாராட்டப் பெறுகிறார், எதைச் செய்தால் உயர்வார், எதைச் செய்யாவிட்டாலும் உயர்வார் என்பன நமக்குத் தொடர்பற்ற செய்திகளா? நாற்று விட்டவனுக்கு நடவு வயலைப் பற்றிக் கேட்க உரிமை இல்லையா?

ஆசான் கேள்விக்கு அப்பாற்பட்டவரா?

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுவோம். ஆசிரியரை மதிப்பிடவே கூடாது என்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர் நாம். குருவைத் தெய்வத்துக்கு அடுத்த படியிலே ஏற்றி வைத்து, ‘அவர் சொன்னால் வேதம், அவரைக் கேட்பது பாவம்’ என்று நம் நாட்டிலே நெடுங்காலம் ஓதி வந்தனர். அந்த ஓதலுக்கு ஆளானவன் என்ன ஆனான்? கேள்வி கேட்கும் நா மழுங்கிற்று. கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையைக்கூட பக்திக் கதையாகப் படித்தான். எதையும் யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்ற நெறியில் வளர்ந்த நமக்கு, ஆசிரியர் மட்டும் ஆராய்ச்சிக்கு விலக்கு என்று சொல்ல வாய் வராது. மக்கள் வரிப்பணத்திலே ஊதியம் பெறும் எவரும் மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரே.

அது மட்டுமன்று. பழைய முறை எவ்வளவு கொடியது என்பதையும் மறந்துவிடலாகாது. மேலதிகாரி ஒருவர் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, கீழுள்ளவரைப் பற்றி ‘இரகசியக் குறிப்பு’ எழுதுவார். எழுதப்பட்டவருக்கோ, என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது. சாதி பார்த்து எழுதினாரா, சண்டையை நினைத்து எழுதினாரா, சலாம் போடவில்லை என்று எழுதினாரா? கேட்பதற்கில்லை. அரசு ஊழியர் ஒருவர் தொடுத்த தேவ் தத் வழக்கில் 2008 ஆம் ஆண்டிலேதான் உச்ச நீதிமன்றம், ஒருவரைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த இருட்டறையோடு ஒப்பிட்டால், ஆசிரியரே தம் பணிகளைப் பட்டியலிட்டு, இன்ன பணிக்கு இத்தனை புள்ளி என்று வெளிப்படையாகக் கணக்கிடும் முறை முன்னேற்றந்தான். அந்தப் பெருமையை 2010 ஆம் ஆண்டு விதிக்கு மறுக்க வேண்டியதில்லை. நோக்கம் நல்லது, வெளிச்சம் வந்தது. ஆனால், வந்த வெளிச்சம் எங்கே விழுந்தது என்பதல்லவா கேள்வி?

ஏட்டிலே எழுதியிருப்பது என்ன?

2010 விதி ஆசிரியரின் பணியை மூன்று கூறாக்கியது. கற்பித்தல், தேர்வுப் பணி முதலியன முதற்கூறு. அதற்கு உச்சம் 125 புள்ளி. மாணவர் நலப்பணி, நிருவாகம், தன் தொழில் வளர்ச்சி ஆகியவை இரண்டாம் கூறு. அதற்கு உச்சம் 50. ஆராய்ச்சியும் வெளியீடும் மூன்றாம் கூறு. அதற்கு உச்சவரம்பே கிடையாது. கல்விச் செயல்திறன் குறியீடு என்பது இதன் முழுப்பெயர், ஏ.பி.ஐ. என்பது நாவிலே புழங்கிய சுருக்கம்.

இந்த அமைப்பை ஒரு செய்யுளைப் படிப்பது போல நின்று நிதானித்துப் படித்துப் பாருங்கள். கற்பித்தலுக்கு ஒரு வேலி உண்டு. வெளியீட்டுக்கு வேலி இல்லை. வகுப்பறையிலே ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் வேலிக்கு அப்பால் போக முடியாது. எழுதி வெளியிடுவதிலோ எட்டிய மட்டும் ஓடலாம். வேலியில்லாப் பக்கம் ஆடு போகும் என்பதை அறிய ஆயனாக இருக்க வேண்டுமா? விதியை எழுதியவர் ‘கற்பிக்காதே’ என்று எங்கும் எழுதவில்லை. எழுதாமலே சொல்லிவிட்டார்.

தரமுள்ள ஆய்விதழிலே ஒரு கட்டுரைக்கு 15 புள்ளி என்றது அந்த ஏடு. நூலுக்கு? உலக அளவிலான பதிப்பகம் என்றால் 50. நாட்டளவிலான பதிப்பகம் என்றால் 25. ‘உள்ளூர்ப்’ பதிப்பகம் என்றால் 15. பார்த்தீர்களா வருணாசிரமத்தை! நூலுக்குள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி இல்லை. நூல் எந்தத் தெருவிலே பிறந்தது என்ற கேள்வி இருக்கிறது. இலண்டனிலே அச்சேறினால் முதற்படி. டில்லியிலே அச்சேறினால் இரண்டாம் படி. நம்மூர் அச்சகத்திலே அச்சேறினால் கடைசிப் படி. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று மனிதருக்காகப் போராடினோம். நூலுக்காகவும் போராட வேண்டியிருக்கிறது! தமிழ்நாட்டு உழவர் வாழ்வைத் தமிழிலே ஆராய்ந்து தமிழருக்காக எழுதும் ஒருவர், உலகப் பதிப்பகத்தை எங்கே தேடுவார்? ஏன் தேட வேண்டும்?

2018 ஆம் ஆண்டு விதி இந்த இடைவெளியைக் குறைத்தது என்பது உண்மை. உலகப் பதிப்பகத்து நூலுக்கு 12, நாட்டுப் பதிப்பகத்து நூலுக்கு 10 என்று ஆக்கியது. மொழித் துறைகளுக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. மொழிபெயர்ப்பு நூலுக்கும் 8 புள்ளி கொடுத்தது. கல்லூரி ஆசிரியர்க்கு ஏ.பி.ஐ. சுமையையும் இறக்கி வைத்தது. நன்றி சொல்லலாம். ஆனால், அந்த ஏட்டின் ஒரு மூலையிலே கிடக்கும் எண்ணை எடுத்து, நம் வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்போம்.

உ.வே. சாமிநாதையர் 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் பணியிலே இறங்கினார். ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார்; ஒப்பிட்டார்; பாடம் தெளிந்தார்; சமணரிடம் சென்று சமயப் பொருள் கேட்டார்; 1887 ஆம் ஆண்டிலே நூலை வெளிக்கொணர்ந்தார். அவருடைய கருத்துகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல என்பது வேறு. அந்த உழைப்புக்குத் தலை வணங்காத தமிழன் இருக்க முடியாது. 2018 ஆம் ஆண்டு விதிப்படி நூல் ஒன்றைப் பதிப்பித்தவருக்கு, நாட்டளவிலான பதிப்பகம் வெளியிட்டிருந்தால், 8 புள்ளி. ஏழாண்டு உழைப்புக்கு எட்டுப் புள்ளி! ஓர் ஆய்வுக் கட்டுரைக்கோ பத்து! அவர் தம் சொந்த முயற்சியிலே அச்சிட்டவராதலால், அந்த எட்டும் கிடைக்குமா என்பதே ஐயம்.

தேவநேயப் பாவாணரை எடுத்துக்கொள்வோம். சேலம் கல்லூரியிலும், 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றியவர். 1974 ஆம் ஆண்டிலே செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981 ஆம் ஆண்டிலே மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் வெளிவந்தது 1985 ஆம் ஆண்டிலே. ஆண்டுதோறும் ‘இவ்வாண்டு என்ன வெளியிட்டீர்?’ என்று கேட்கும் படிவம் அவர் கையிலே கொடுக்கப்பட்டிருந்தால், அந்த அகரமுதலிப் பணிக்கு நேரே என்ன எழுதியிருப்பார்? ஆலமரத்தை நடுகிறவனிடம் மாதந்தோறும் கீரைக் கணக்குக் கேட்பது போலத்தானே அது!

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எண்ண வேண்டாம். எடின்பரோப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஹிக்ஸ் 1964 ஆம் ஆண்டிலே எழுதிய ஆய்வுரைக்காக, 2013 ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றவர். அதற்குப் பிறகு அவர் வெளியிட்ட ஆய்வுரைகள் மிகச் சில. துறையிலிருந்து வெளியீட்டுப் பட்டியல் கேட்டு ஓலை வரும்போதெல்லாம் ‘எதுவுமில்லை’ என்று எழுதி அனுப்புவாராம். இன்றைய முறையிலே தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவரே கூறினார். உலகமே கொண்டாடும் அறிஞர் ஒருவர், படிவத்தின் கண்ணுக்குப் பயனற்றவர்!

எண்ணே இறைவன்!

பட்டிவீரன்பட்டியிலே காப்பிக்கொட்டை பதப்படுத்தும் ஆலைகள் உண்டு. நம் பக்கத்து இளைஞர் பலருக்கும் அந்த வேலை தெரியும். கொட்டையைச் சல்லடையிலே இட்டுச் சலிப்பர். பருத்தது மேலே நிற்கும், சிறுத்தது கீழே விழும். பருமனைப் பிரிக்கச் சல்லடை நல்ல கருவி. ஆனால், மணத்தையும் சுவையையும் சல்லடை அறியாது. அதற்கு வறுத்து, இடித்து, வடித்து, நாவிலே வைத்துப் பார்க்கும் ஆள் வேண்டும். சல்லடையை வைத்துக்கொண்டு சுவையைச் சொல்ல முயன்றால், அதைச் சல்லடையின் குற்றம் என்று சொல்வோமா, முயன்றவனின் குற்றம் என்று சொல்வோமா?

எண்ணிக்கைக்குப் புள்ளி என்றதும் நிகழ்ந்தது என்ன? எண்ணிக்கை பெருகிற்று. பணம் கொடுத்தால் எதையும் அச்சிட்டுத் தரும் ஆய்விதழ்கள் மழைக்காலத்து ஈசல் போலக் கிளம்பின. ‘ஒப்புதல் பெற்ற இதழ்கள்’ என்று 2017 ஆம் ஆண்டிலே மானியக் குழு பட்டியல் வெளியிட்டது. அதிலே 38,653 இதழ்கள்! 2018 ஆம் ஆண்டு மே திங்களிலே, 4,305 இதழ்களைத் தானே நீக்கியது. அதே ஆண்டிலே புனேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பல்கலைக் கழகங்கள் பரிந்துரைத்துப் பட்டியலிலே சேர்ந்த இதழ்களில் ஒரு பகுதியைச் சோதித்து, அவற்றுள் 88 விழுக்காட்டுக்கு மேல் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழிலே எழுதினர். அந்த ஆய்வில் முன்னின்ற பூஷண் பட்வர்தன், அந்நாளில் மானியக் குழுவின் துணைத் தலைவராகவே இருந்தவர்! பிறகு ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியிலே அதுவும் கைவிடப்பட்டது.

கள்ள நாணயம் பெருகியதற்குக் கள்ளர்கள் மட்டுமா காரணம்? ‘நாணயத்தை உரசிப் பார்க்க வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும்’ என்று சொன்ன கருவூலத்தாருக்கும் அதிலே பங்கில்லையா?

பிரிட்டனிலே பல்கலைக் கழகங்களைத் தணிக்கை செய்யும் முறையை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் மேரிலின் ஸ்டிரேதர்ன், 1997 ஆம் ஆண்டிலே ஓர் உண்மையைச் சுட்டினார். அளப்பதற்காக வைத்த கோலையே அடைய வேண்டிய இலக்காக ஆக்கிவிட்டால், பிறகு அந்தக் கோல் எதையும் அளக்காது என்பது அதன் சாரம். பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975 ஆம் ஆண்டிலே பணக்கொள்கையைப் பற்றிக் கூறியதை, கல்விக்குப் பொருத்திக் காட்டினார் அவர்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதுமன்று. இங்கிலாந்திலே 1862 ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்ற அமைச்சர், பிள்ளைகள் படிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று சட்டம் செய்தார். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அதை வன்மையாக எதிர்த்தார். அவர் அஞ்சியபடியே, ஆசிரியர்கள் அறிவூட்டுவதை விட்டுவிட்டு, ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளை உருப்போட வைத்தனர். அதே பலன்-மானிய முறை சென்னை மாகாணத்துப் பள்ளிகளிலும் புகுந்தது; மனப்பாடத்தை வளர்த்தது; பின்னர் இரண்டு நாடுகளிலும் கைவிடப்பட்டது. பள்ளியிலே தோற்றுப்போன மருந்தை, நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பல்கலைக் கழகத்துக்குப் புட்டி மாற்றிக் கொடுத்தனர்!

மூட நம்பிக்கை என்றால் திருநீறும் தீச்சட்டியும் மட்டுந்தானா? காரண காரியம் ஆராயாமல் எதன் முன்னே மண்டியிட்டாலும் அது மூட நம்பிக்கைதான். எண்ணின் முன்னே மண்டியிடுவதும் அதுவே. சோதிடர் கட்டத்திலே எண் எழுதி வாழ்வைக் கணிக்கிறார். படிவக்காரர் கட்டத்திலே எண் எழுதி அறிவைக் கணிக்கிறார். முன்னவரை நாம் எள்ளி நகையாடுகிறோம். பின்னவருக்கு மூன்று படி எடுத்துக் கொடுக்கிறோம்.

வருகைப் பதிவேடு கற்பித்தலாகுமா?

சரி, வெளியீட்டை எண்ணியதால் வந்த கேடு இது. கற்பித்தலையாவது ஒழுங்காக மதிப்பிட்டார்களா? 2018 விதியைப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் எத்தனை விழுக்காடு எடுத்தார் என்பதே கேள்வி. 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் ‘நன்று’. 70 முதல் 80க்குள் என்றால் ‘நிறைவு’. 70க்குக் கீழ் என்றால் ‘நிறைவின்மை’. முடிந்தது மதிப்பீடு!

வகுப்புக்குப் போனாரா என்று கேட்கிறது விதி. வகுப்பிலே என்ன செய்தார் என்று கேட்கவில்லை. இருபதாண்டுக்கு முன் எழுதிய மஞ்சள் நோட்டை ஒப்பிப்பவரும் ‘நன்று’. ஒவ்வொரு நாளும் புதிதாகப் படித்து வந்து, கடைசி வரிசையிலே வாய் திறவாதிருக்கும் பெண்ணைப் பேச வைப்பவரும் ‘நன்று’. மாணவனுக்கு வருகைப் பதிவேடு எதுவோ அதுவே ஆசிரியருக்கு இந்த மதிப்பீடு. பள்ளிக்கு நாள்தோறும் வந்தான் என்பதற்காக எந்தப் பையனையாவது ‘கணக்கிலே நன்று’ என்று எழுதியிருக்கிறோமா?

சேவுகம்பட்டியிலிருந்து போன அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டிலே கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவள். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை முதல் மூன்று மாதம் காதிலே மோதித் திரும்பும். யாராவது ஓர் ஆசிரியர் வகுப்பு முடிந்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து, தமிழிலே விளக்கி, ‘உன்னால் முடியும்’ என்று சொன்னால் அவள் தங்குவாள். சொல்லாவிட்டால், இரண்டாம் ஆண்டிலே திருமணப் பேச்சு வரும்; படிப்பு நிற்கும். அந்த அரைமணி நேரத்துக்குப் படிவத்திலே கட்டம் இல்லை. அதே அரைமணி நேரத்தில் ஆசிரியர் ஒரு கருத்தரங்கக் கட்டுரையின் பாதியை எழுதிவிடலாம். அதற்குக் கட்டம் இருக்கிறது. நல்லவர்கள் கட்டத்தைப் பாராமல் அவளிடம் உட்காருகிறார்கள். ஆனால், நல்லவராயிருப்பதற்குத் தண்டம் கட்டச் சொல்லும் விதி நல்ல விதியாகுமா?

தொழில் வளர்ச்சி என்னும் இருபத்தொரு நாள்

மதிப்பீட்டோடு பிணைந்தது பயிற்சி. 1986 ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்று, 1987 முதல் கல்விசார் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்திலும் ஒன்று அமைந்தது. நல்ல எண்ணம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு எப்படிக் கற்பிப்பது என்று பயிற்சி வேண்டும், பட்ட வகுப்பு ஆசிரியருக்கு மட்டும் அது பிறவியிலேயே வந்துவிடும் என்று நம்புவது அறிவுக்கு ஒவ்வாதது அல்லவா?

நாளடைவில் அது மனிதவள மேம்பாட்டு மையமாயிற்று. 2023 ஆம் ஆண்டிலே மாளவியா பெயரிலான பயிற்சி மையமாயிற்று. மும்முறை பெயர் சூட்டினர். பெயர் மாறினால் பிறவிக் குணம் மாறுமா? பதவி உயர்வுக்கு இருபத்தொரு நாள் அறிமுகப் பயிற்சி ஒன்று, புத்தொளிப் பயிற்சி ஒன்று என்று விதித்த அன்றே, பயிற்சி சான்றிதழாகச் சுருங்கத் தொடங்கிவிட்டது. பயிற்சியின் முடிவிலே ஆசிரியர் மாறினாரா என்று கேட்பாரில்லை. தாள் வந்ததா என்றே கேட்கின்றனர். காசிக்குப் போனால் கருமம் தொலையும் என்றது பழைய நம்பிக்கை. பயிற்சிக்குப் போனால் அறியாமை தொலையும் என்பது புதிய நம்பிக்கை. இரண்டிலும், போய் வந்ததற்கு அடையாளம் இருந்தால் போதும்!

பயிற்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் கொடு. பதவி உயர்வுக்கு வேண்டும் என்பதற்காகத் தாகமில்லாதவன் வாயிலே ஊற்றாதே என்பதே நம் வாதம். ஆசிரியர் தம் குறையைத் தாமே உணர்ந்து, ‘தமிழ்வழி வந்த பிள்ளைகளுக்குப் புள்ளியியல் கற்பிப்பது எனக்குக் கைவரவில்லை, வழிகாட்டுக’ என்று கேட்கும் சூழலிலேதான் பயிற்சி பயன்தரும். ஆனால், குறையை ஒப்புக்கொண்டால் புள்ளி குறையும் என்ற இடத்திலே எவர் வாய் திறப்பார்? மதிப்பீடும் வளர்ச்சியும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டதால், வளர்ச்சி மூச்சுத் திணறுகிறது.

படிவமே கிடைக்காதவர்கள்

இதுவரை பேசியது படிவம் பெற்றவரின் துயரம். படிவமே பெறாதவர் ஒரு பெருங்கூட்டம். தமிழக அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளிலே, 2024 ஆம் ஆண்டளவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்தி வந்தனர். பெயரிலே கௌரவம், ஊதியத்திலே? இருபதாயிரமாக இருந்து இருபத்தைந்தாயிரமாக உயர்ந்தது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். 2019 ஆம் ஆண்டிலேயே மானியக் குழு, ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், திங்களுக்கு 50,000 ரூபாய்வரை தரலாம் என்று கூறியிருந்தது. மதிப்பீட்டு விதியைக் கட்டளையாக ஏற்போர், ஊதிய வழிகாட்டுதலை மட்டும் அறிவுரையாக எடுத்துக்கொள்வது ஏனோ?

நெட் தேறியவர், முனைவர் பட்டம் பெற்றவர், பத்தாண்டு பதினைந்தாண்டு கற்பித்தவர் அவர்களிலே உண்டு. அவர்களுக்கு உயர ஏணி இல்லை. ஆகவே ஏணிப்படி எண்ணும் படிவமும் இல்லை. மேலே ஏறுபவரை மட்டுமே அளக்கும் கோல், கீழே தாங்கி நிற்பவரைக் காணாது. சேவுகம்பட்டிப் பெண்ணுக்குப் பெரும்பாலான பாடங்களை நடத்தப் போவது அவர்களாக இருக்கக்கூடும். அவர்களை மதிப்பிடவும் இல்லை, மதிக்கவும் இல்லை என்றால், ‘உயர்கல்வியின் தரம்’ என்று முழங்குவது யாரை ஏமாற்ற?

இங்கே நம் பக்கத்து மனிதர் ஒருவரை நினைவுகூர வேண்டும். பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், 1929 ஆம் ஆண்டு செங்கற்பட்டு முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டவர். எத்தனை பேருந்து ஓடிற்று, எத்தனை மைல் ஓடிற்று என்று எண்ணியிருந்தால், அந்தப் போக்குவரத்துக்கு ‘நன்று’ என்று எழுதியிருக்கலாம். அவர் ஆணைக்குள்ளே இருந்த கேள்வி வேறு: யாரை ஏற்றாமல் விட்டுப் போகிறாய்? பல்கலைக் கழகத்தை நோக்கி நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

அளப்பவரை அளப்பது யார்?

2025 சனவரியிலே வெளிவந்த வரைவு, புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது ‘குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில்’ நான்கையேனும் காட்டுக என்றது. இந்திய மொழிகளிலே கற்பித்தல், சமூகத் தொண்டு ஆகியன அவற்றுள் உண்டு, வரவேற்கலாம். ‘இந்திய அறிவு மரபு’ என்றொன்றும் உண்டு. அறிவு மரபு எது, ஐதிக மரபு எது என்று பிரிப்பவர் யார்? அதைச் சொல்லவில்லை. புதுத்தொழில் தொடங்குதலும் ஒன்று. பாணினியையும் தொல்காப்பியரையும் ஒப்பிடும் ஆசிரியர் என்ன தொழில் தொடங்குவாரோ! அதே வரைவு, துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை அமைக்கும் அதிகாரத்தை வேந்தர் கையிலே வைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2025 சனவரி 9 ஆம் நாள் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இரண்டும் தனித்தனிச் செய்திகளல்ல. ஆசிரியரின் உயர்வைத் தீர்மானிக்கும் குழுவுக்குத் தலைவர் துணைவேந்தர் அல்லது அவர் குறிக்கும் ஒருவர் என்பது 2018 விதி. சென்னைப் பல்கலைக் கழகம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நெடுங்காலம் துணைவேந்தரின்றிக் கிடந்தது. துலாக்கோல் பிடிக்கும் கையையே யாரோ எங்கோ இருந்து ஆட்டுவிக்கும்போது, தட்டிலே வைக்கும் எடைக்கல்லின் துல்லியம் பற்றிப் பேசி என்ன பயன்? ஆசிரியரை ஆண்டுதோறும் அளக்கும் நாடு, காலியிடத்தை நிரப்பாதவரையும் கோப்பைக் கிடப்பிலே போட்டவரையும் அளக்க ஒரு படிவம் அச்சிட்டதுண்டா?

வேண்டுவது என்ன?

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. எண்ணுவதை நிறுத்துக, படிக்கத் தொடங்குக என்பது நம் முதற்கோரிக்கை. ஆசிரியர் ஐந்தாண்டிலே செய்தவற்றுள் சிறந்தவை மூன்றைத் தரட்டும். துறையறிந்தோர் அவற்றைப் படித்துக் காரணத்தோடு கருத்து எழுதட்டும். இதழின் பெயரைக் கொண்டு ஆய்வை எடைபோடாதீர் என்று 2012 ஆம் ஆண்டு சான்பிரான்சிசுகோவிலே உருவான பிரகடனம், உலகெங்கும் கையொப்பம் பெற்றது. அந்த நெறி இங்கும் வரட்டும்.

வகுப்பறைக்குள்ளே உடன் பணியாற்றும் ஆசிரியர் சென்று அமர்ந்து பார்க்கட்டும். பெயர் கூறாமல் மாணவர் கருத்துரைக்கட்டும். ஆனால், ஆசிரியரின் சாதியையோ பாலையோ நோக்கி எறியப்படும் கல்லையும் கருத்தென்று கொள்ளாதிருக்கட்டும். முடிவு எதுவாயினும் காரணத்தோடு எழுத்திலே தரப்பட்டு, முறையிட வழி இருக்கட்டும். பயிற்சி, பதவி உயர்வின் சுங்கச் சாவடியாக இல்லாமல், ஆசிரியர் தாமே தேடி வரும் இடமாகட்டும். அங்கே கௌரவ விரிவுரையாளருக்கும் முழு ஊதியத்தோடு இடம் கிடைக்கட்டும். தமிழிலே எழுதிய ஆய்வு, அதன் தரத்தால் மட்டுமே மதிக்கப்படட்டும்.

‘இதற்கெல்லாம் காலம் பிடிக்குமே’ என்பர். பிடிக்கும். எண்ணைக் கூட்டுவதற்கு எழுத்தர் போதும். அறிவை மதிப்பிடுவதற்கு அறிவுடையோரின் காலம் வேண்டும். அதைச் செலவிட மனமில்லாவிட்டால், மதிப்பிடுகிறோம் என்று சொல்லாமலாவது இருக்க வேண்டும்.

தோழர்களே! உங்களிலே பலர் இன்று கல்லூரி மாணவர். நாளை அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவர். அதற்கடுத்த நாள் அதை வகுக்கும் இடத்திலே அமரப் போகிறவர். புராணத்தைக் கேள்வி கேட்கக் கற்றது போலப் படிவத்தையும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். எவன் எழுதினான், எதை எண்ணுகிறான், எதை எண்ணாமல் விடுகிறான், எவர் அதனால் வாழ்கிறார், எவர் வீழ்கிறார் என்று கேளுங்கள். அளக்கப்படுவதற்கு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. கோல் நேராக இருக்கட்டும் என்று கேட்க மட்டும் அஞ்சாதிருக்க வேண்டும்.